கிராபிக்ஸ் கார்ட் ஏன் இவ்வளவு சூடாகிறது? கொழும்பு வெயிலில் இருப்பவர்களுக்கான எளிய விளக்கம்

விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கிப் பூட்டிய முதல் வாரத்திலேயே பலருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது: திரையில் 80, 85 என்று வெப்பநிலை காட்டுகிறதே, இது சரியா, கார்ட் எரிந்துவிடுமா? இணையத்தில் தேடினால், அதே கார்ட் 65 பாகையில் அமைதியாக ஓடுவதாக யாரோ ஒருவர் அளந்து காட்டியிருப்பார். உடனே தன் கார்டில்தான் குறை என்று முடிவுகட்டி, வாங்கிய கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்த 65 பாகை எந்த நாட்டில், எத்தனை பாகை வெப்பமுள்ள அறையில் அளக்கப்பட்டது என்று முதலில் பார்த்திருந்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்திருக்கும்.

கணினியின் உட்பாகங்களைப் பற்றி அதிகம் அறியாத ஒருவர் தன் கார்டின் வெப்பநிலையைத் தானே வாசித்து, சிக்கல் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு இந்த விடயத்தை இங்கே விளக்குகிறேன். திருகாணி கழற்றும் வேலை கடைசியில்தான் வரும். பெரும்பாலானோருக்கு அந்தக் கட்டமே தேவைப்படாது.

வெப்பம் எங்கே பிறக்கிறது

கிராபிக்ஸ் கார்ட் மின்சாரத்தை வாங்கிக் கணக்குப் போடுகிறது. கணக்கின் விளைவு படமாகத் திரைக்குப் போகிறது. வாங்கிய மின்சாரமோ ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறி அறைக்குள் வருகிறது. என்விடியா 2010 இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 480 கார்ட், 250 வாட் எடுத்ததற்கே அக்காலத்தில் கேலிக்கு உள்ளானது. 2020 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 க்கு 350 வாட், 2022 இல் வந்த 4090 க்கு 450 வாட், 2025 ஜனவரியில் வந்த 5090 க்கு 575 வாட். ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 355 வாட் எடுக்கும். கார்டுகள் வேகமாகிக்கொண்டே போவதற்குச் சிப் தயாரிப்பு நுட்பம் முன்னேறியது ஒரு காரணம் என்றால், அதற்குள் செலுத்தப்படும் மின்சாரம் கூடிக்கொண்டே போனது இன்னொரு காரணம். விளம்பரங்கள் முதலாவதை மட்டும்தான் சொல்லும்.

வெப்பத்தின் அளவு ஒருபுறம் இருக்க, அது பிறக்கும் இடம் மிகச் சிறியது என்பதே விடயத்தைக் கடினமாக்குகிறது. 4090 கார்டின் சிப் ஏறத்தாழ 609 சதுர மில்லிமீற்றர் பரப்பளவு கொண்டது. பக்கத்துக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் உள்ள ஒரு சதுரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் டிரான்சிஸ்டர்கள் எனப்படும் மிகச் சிறு மின் ஆளிகள் 7,600 கோடிக்கும் மேல் இருக்கின்றன. வீட்டில் உடுப்புக்கு அயன் போடும் பெட்டி 1,000 வாட் எடுத்தாலும், அந்த வெப்பம் உள்ளங்கையைவிடப் பெரிய தகடு முழுவதும் பரவிவிடுகிறது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், முழு வேகத்தில் ஓடும் கிராபிக்ஸ் சிப்பில் பிறக்கும் வெப்பம் அயன் பெட்டித் தகட்டில் உள்ளதைவிடப் பத்து மடங்கு அளவில் இருக்கும். அயன் பெட்டி சூடாவதற்கென்றே செய்யப்பட்டது. சிப்போ 90 பாகை செல்சியஸ் அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட வேண்டியது.

ஆகவே அந்த வெப்பத்தை இடைவிடாமல் வெளியே கடத்திக்கொண்டிருக்க வேண்டும். சிப்பின் மேற்பரப்பிலிருந்து தேர்மல் பேஸ்ட் எனப்படும் மெல்லிய பசைப் படலத்தின் ஊடாக ஒரு செப்புத் தகட்டுக்கோ, உள்ளே சிறிதளவு நீர் அடைக்கப்பட்ட ஆவி அறைக்கோ அது முதலில் போகிறது. அங்கிருந்து வெப்பக் குழாய்கள் வழியாக அலுமினியச் சிறகுகளுக்கும், சிறகுகளிடையே விசிறி தள்ளும் காற்றுக்கும், அந்தக் காற்றோடு சேர்ந்து கணினிப் பெட்டியான கேசிங்குக்கு வெளியேயும் போகிறது. கேசிங்கை விட்டு வந்தபின் அறையை விட்டும் அது போக வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஓவர்ஹீட் என்று பொதுவாகச் சொல்லப்படும் சிக்கல், இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் வெப்பம் தேங்குவதுதான். எந்தப் படியில் தேங்குகிறது என்று தெரியாமல் பேஸ்ட் மாற்றுவதும் புதிய விசிறி வாங்குவதும் பணத்துக்குக் கேடு.

அறைக்கு மேல் எத்தனை பாகை

காற்றால் குளிரூட்டப்படும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது. எனவே திரையில் தெரியும் வெப்பநிலையை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாகப் பார்க்க வேண்டும். அறையின் வெப்பநிலை ஓர் எண். அதற்கு மேல் கார்ட் ஏறிய அளவு மற்றைய எண். முதலாவது காலநிலையைப் பொறுத்தது. கார்டையும் கேசிங்கையும் பற்றி உண்மையில் ஏதாவது சொல்வது இரண்டாவதுதான். ஐரோப்பாவில் ஒரு விமர்சகர் 21 பாகை அறையில் வைத்து 66 பாகை அளந்திருந்தால் ஏற்றம் 45 பாகை. அதே கார்ட், அதே வேலை, அதே விசிறி வேகம் எல்லாவற்றோடும் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் 32 பாகை அறையில் ஓடினால் 77 காட்டும். இரண்டு கார்டுகளும் சம அளவில் நன்றாகவே இருக்கின்றன.

கொழும்பில் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே நிற்கிறது; பகலில் 30, 31 என்பது சாதாரணம். கார்டுக்கு ஓய்வு கொடுக்கக் குளிர்காலம் என்று ஒன்று இங்கே வருவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில், அதிலும் சூரியன் நாட்டுக்கு நேர் உச்சியில் வரும் ஏப்ரல் முதற்பாதியில், பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிறீற் தட்டுக்குக் கீழே உள்ள மேல்மாடி அறை இரவு பத்து மணிக்கும் சூடாகவே இருக்கும். நுளம்புக்குப் பயந்து ஆறு மணிக்கே யன்னல்களைச் சாத்திவிட்டுக் கணினியின் முன் அமர்பவர்கள், வெப்பம் வெளியேறும் கடைசிப் படியைத் தாங்களாகவே அடைத்துவிடுகிறார்கள்.

கார்டும் ஏனைய பாகங்களும் சேர்ந்து 600 வாட் எடுக்கும் கணினி ஒன்று பத்துக்குப் பத்தடி அறைக்குள் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். கதவும் யன்னலும் சாத்தியிருக்க, அந்த வெப்பம் முழுவதும் காற்றில் மட்டும் சேர்ந்தால் அறை நிமிடத்துக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலான வேகத்தில் சூடாகும். சுவரும் தளபாடங்களும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் ஏற்றம் அதைவிட மிக மெதுவாகவே நடக்கிறது. ஆனாலும் இரண்டு மணி நேரத்தில் அறை மூன்று நான்கு பாகை ஏறிவிடலாம். அறை ஏறிய ஒவ்வொரு பாகையும் அப்படியே கார்டின் எண்ணிலும் சேரும். விளையாடத் தொடங்கும்போது 74 காட்டிய கார்ட் போகப் போக 78 காட்டினால், கார்டைச் சந்தேகிப்பதற்கு முன் அறையைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சாதாரண அறை வெப்பமானி போதும். அதைச் சுவரில் மாட்டாமல், கேசிங் காற்றை உள்ளிழுக்கும் பக்கத்துக்கு அருகில் வைக்க வேண்டும். மேசையின் அடித்தட்டில், மூடிய அலுமாரிக்குள் கேசிங்கை வைத்திருப்பவர்கள், அறையில் 30 பாகையும் அந்த இடத்தில் 38 பாகையும் இருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு.

ஏசி உள்ள அறையில் விடயம் இலகுவாகிறது, ஆனால் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. 9,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு கொண்ட சிறிய ஏசி ஏறத்தாழ 2,600 வாட் வெப்பத்தை வெளியேற்ற வல்லது. 600 வாட் கணினி அந்த ஆற்றலில் கால்வாசியைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதை வெளியே தள்ளுவதற்கு ஏசி கூடுதலாக 200 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். ஆக, கிராபிக்ஸ் கார்டுக்கு மாத முடிவில் இரண்டு தடவை கட்டணம் செலுத்துகிறோம்: ஓடுவதற்கு ஒன்று, அது விட்ட வெப்பத்தை அகற்றுவதற்கு இன்னொன்று.

ஈரப்பதத்தைப் பற்றிய அச்சம் இங்கே நிறைய உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கார்ட் எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் அதன்மேல் நீர் படியாது. இதற்கு நேர்மாறான நிலைமையில்தான் கவனம் தேவை. ஏசியால் 20 பாகைக்குக் குளிர்ந்த அறையில் கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போது யன்னல்களைத் திறந்துவிட்டால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீர்த்துளியாகப் படியலாம், ஏனென்றால் கொழும்புக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 23, 24 பாகை அளவில் இருக்கிறது. அப்படித் திறந்த உடனேயே கணினியை இயக்காமல் சிறிது நேரம் விடுவது நல்லது.

வாசிக்க வேண்டிய எண்கள்

ஜிபியூ-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ ஆகிய இலவச மென்பொருள்களில் ஏதாவது ஒன்றைத் திறந்தால் வெப்பநிலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் தெரியும். முதலாவது சிப்பின் பொது வெப்பநிலை. இரண்டாவது ஹொட்ஸ்பொட், அதாவது சிப்பில் பரவலாக அமைந்த உணரிகளில் ஆகக் கூடிய எண்ணைக் காட்டுவது. ஏஎம்டி கார்டுகளில் இதை ஜங்ஷன் வெப்பநிலை என்பார்கள். மூன்றாவது மெமரி சிப்புகளின் வெப்பநிலை. எல்லாக் கார்டுகளிலும் மூன்றும் தெரிவதில்லை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹொட்ஸ்பொட் எண்ணை என்விடியா வெளியே காட்டுவதை நிறுத்திவிட்டது, இது எனக்குச் சிறிதும் உவப்பான முடிவல்ல.

உச்ச எல்லை கார்டுக்குக் கார்ட் மாறும். என்விடியா 3090 க்கு 93 பாகையையும் 4090, 5090 ஆகியவற்றுக்கு 90 பாகையையும் சிப்பின் எல்லையாகக் குறிப்பிடுகிறது. ஏஎம்டியின் அண்மைக் காலக் கார்டுகள் ஜங்ஷன் 110 பாகை வரை செல்ல இடமளிக்கின்றன. 3080, 3090 கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 பாகையை எட்டும்போது கார்ட் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3090 இல் மெமரி சிப்புகளில் பாதி, விசிறியும் சிறகுகளும் இல்லாத பின்பக்கத்தில் இருப்பதால், சிப் 70 பாகையில் இருக்கும்போதே மெமரி நூறைத் தாண்டிவிடும் கார்டுகள் அந்த வரிசையில் அதிகம். ஒரே ஓர் எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

எரிந்துவிடுமா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எல்லையை நெருங்கும்போது கார்ட் தானாகவே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் கணினியை நிறுத்திவிடும். ஆகவே வெறும் வெப்பத்தால் ஒரே மாலையில் கார்ட் செத்துப்போவது அரிது. அப்படியானால் பொருட்படுத்த வேண்டியதில்லையா என்றால், இரண்டு காரணங்களுக்காகப் பொருட்படுத்த வேண்டும். எல்லைக்கு வெகு கீழே இருக்கும்போதே, சூடு ஏற ஏற என்விடியா கார்டுகள் சிப் இயங்கும் வேகமான கிளாக் வேகத்தைச் சிறு சிறு படிகளாக இறக்கத் தொடங்கிவிடுகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு சத்தமில்லாமல் போய்விடுகிறது. அடுத்தது ஆயுள். மின்பகு கொள்ளளவிகள் எனப்படும், மின்னைச் சேமித்துச் சீராக்கும் பாகங்களைப் பற்றிப் பொறியியலாளர்கள் சொல்லும் பொது விதி, வெப்பநிலை 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது. விசிறியின் தாங்கிகளும் பேஸ்டும், மெமரி போன்ற பாகங்களின் மேல் ஒட்டப்படும் பேடுகள் என்ற மென்பட்டைகளும் சூட்டில் விரைவாகவே முதுமை அடைகின்றன.

கேசிங்கின் பக்கக் கதவு சொல்லும் சேதி

கையில் எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த பரிசோதனை, கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றிப் பார்ப்பதுதான். வழக்கமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, எண் ஓரிடத்தில் நிலைத்தபின் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கதவைக் கழற்றி, விளையாட்டில் அதே இடத்தில் நின்று மேலும் பத்து நிமிடங்கள் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஐந்து, ஆறு பாகைக்கு மேல் இறங்கினால், கார்ட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, கேசிங்கினுள் காற்றோட்டம்தான் போதவில்லை என்று பொருள். ஒன்று இரண்டு பாகை மட்டுமே இறங்கினால் தேக்கம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது அல்லது அறையிலேயே இருக்கிறது.

இன்று விற்கப்படும் பெரிய கார்டுகளில் அநேகமானவை தம் வெப்பத்தைக் கேசிங்கினுள்ளேயே கொட்டுகின்றன; அதை வெளியே எடுப்பது கேசிங் விசிறிகளின் பொறுப்பு. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்டு, வண்ண விளக்குகள் எரியும் கேசிங்குகள் கடைக் காட்சிக்கு அழகாக இருக்கும். 450 வாட் கார்டுக்கு அவை மூச்சுத் திணறல். முன்பக்கம் துளை வலையாக உள்ள கேசிங்கும், முன்னால் உள்ளிழுக்கும் இரண்டு மூன்று விசிறிகளும், பின்னாலும் மேலேயும் வெளித்தள்ளும் விசிறிகளும் இருந்தாலே போதும். கார்டை நெடுக்காக நிறுத்திக் கண்ணாடிக்கு நெருக்கமாக வைப்பதும் விசிறிகளின் வாயை அடைப்பதற்குச் சமம். கதவை நிரந்தரமாகக் கழற்றி வைத்து, மேசை விசிறியை நேரே திருப்பிவிடும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. வெப்பத்துக்கு அது உண்மையிலேயே உதவும், தூசிக்கும் உதவும்.

தூசி என்றதும் கொழும்புக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை, யன்னல் கம்பிகள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே உப்புக் காற்றுதான் கணினிக்குள்ளும் போகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் அங்கே சேரும் தூசி உலர்ந்து உதிரும் தூசியாக இருப்பதில்லை. விசிறிக்குக் கீழே சிறகுகளின் மேல்விளிம்பில், சாம்பல் நிறத்தில், கையால் உரித்தெடுக்கக்கூடிய ஒரு படலமாக இறுகிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் விசிறி இதழ்கள் சுத்தமாகத்தான் தெரியும். கைவிளக்கை இதழ்களின் இடைவெளியால் சரிவாகப் பிடித்துப் பார்த்தால்தான், சிறகுகளின் இடைவெளிகள் தெரிகின்றனவா, அல்லது அந்தப் படலம் மட்டும் தெரிகிறதா என்று விளங்கும். காற்றூதியால் ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றின் வேகத்தில் அது தன் எல்லைக்கு மேல் சுழன்று தாங்கியைக் கெடுத்துக்கொள்ளக்கூடும். இறுகிய படலத்துக்கு ஊதுவது போதாது. உலர்ந்த மென்தூரிகையால் கிளறிவிட்டு ஊத வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை செய்வது மிகை ஆகாது.

வெப்பத்தைக் குறைவாகப் பிறக்கச் செய்தல்

இதுவரை சொன்னவை எல்லாம் பிறந்த வெப்பத்தை வெளியேற்றும் வழிகள். கொழும்பில் வாழும் ஒருவருக்கு இவற்றையெல்லாம்விடப் பயன்தரும் வழி, வெப்பத்தைக் குறைவாகப் பிறக்கச் செய்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. அறையின் வெப்பநிலை நம் கையில் இல்லாதபோது, கார்ட் அதற்கு மேல் ஏறும் அளவையே குறைக்க வேண்டும். அந்த ஏற்றம், விசிறி வேகம் மாறாதிருந்தால், கார்ட் எடுக்கும் வாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். 450 வாட்டில் 45 பாகை ஏறும் கார்ட், 315 வாட்டில் ஏறத்தாழ 31 பாகை மட்டுமே ஏறும். 32 பாகை அறையில் அதன் எண் 77 இலிருந்து 63 அளவுக்கு இறங்கிவிடும். எந்தப் பேஸ்டும் எந்த விசிறியும் இந்த அளவு இறக்கத்தைத் தராது.

இதைச் செய்ய எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் போதும். அது வேறு நிறுவனங்களின் கார்டுகளிலும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட் என்ற நகர்த்தியை 100 இலிருந்து 70 அல்லது 75 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வேகமும் 30 சதவீதம் இறங்கிவிடுமே என்று பயப்படுவது இயல்பு, ஆனால் அப்படி நடப்பதில்லை. தயாரிப்பாளர்கள் ஒப்பீட்டு வரைபடங்களில் கடைசி ஓரிரு சதவீதத்தை வெல்வதற்காகக் கார்டை அதன் சிக்கனமான எல்லைக்கு அப்பால் தள்ளி விற்கிறார்கள். 4090 போன்ற கார்டில் 70 சதவீத மின்சாரத்துக்கு இறங்கினாலும் பெரும்பாலான கேம்களில் வேக இழப்பு ஒற்றை இலக்கச் சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

ஏன் இப்படி என்பதற்கான காரணம் எளிமையானது. சிப் எடுக்கும் மின்சாரம் அதன் கிளாக் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. கடைசிச் சில மெகாஹேர்ட்ஸ் வேகத்தை எட்டுவதற்கு மின்னழுத்தத்தைக் கணிசமாக ஏற்ற வேண்டியிருப்பதால், சொற்ப வேகத்துக்குப் பெரும் வெப்பம் விலையாகிறது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் அன்டர்வோல்ட். 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே வேகத்தில் 0.90 வோல்ட்டில் ஓடச் செய்ய முடிந்தால், வர்க்கத்தின் கணக்குப்படி சிப்பின் இயங்கு மின்சாரம் கால்வாசிக்கு மேல் குறையும், வேகமோ குறையாது. ஆஃப்டர்பர்னரில், எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வோல்டேஜ் வளைவைத் திறந்து, விரும்பிய மின்னழுத்தத்தில் உள்ள புள்ளியைத் தேவையான வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்புறம் உள்ள வளைவைத் தட்டையாக்குவதே முறை. ஒவ்வொரு சிப்பும் தாங்கும் அளவு வேறுபடும் என்பதால் இன்னொருவரின் எண்ணை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. மின்னழுத்தம் போதாவிட்டால் கேம் நின்றுவிடும் அல்லது கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் செயலிழந்து மீளும். கார்டுக்குச் சேதம் வராது, ஒரு படி ஏற்றிவிட்டுத் தொடரலாம். புதியவர்கள் பவர் லிமிட்டோடு தொடங்கி, பழகியபின் இதற்கு வருவது நல்லது.

இன்னும் எளிதான ஒரு வழியும் இருக்கிறது. திரை நொடிக்கு 144 தடவை மட்டுமே புதுப்பிக்கப்படும்போது கார்ட் 300 சட்டங்களை, அதாவது 300 படங்களை, வரைவதில் பெரிய பயன் இல்லை. டிரைவரின் அமைப்புகளில் சட்ட வேகத்துக்கு ஓர் எல்லை இட்டால், இலேசான கேம்களிலும், எல்லையின்றிச் சட்டங்களை வரைந்து தள்ளும் மெனு திரைகளிலும் வாட் பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வாட்டைக் குறைப்பதால் யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு நிம்மதி உண்டு. கார்ட் திடீரென உச்ச மின்சாரத்தை இழுக்கும் தருணங்களில்தான் சிறிய யூபிஎஸ்கள் கூச்சலிட்டு நிற்கின்றன. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், சூடாக ஓடும் கார்டின் விசிறி திடீரென நின்றால் சிப் எரியாதா என்று பலர் கேட்டார்கள். எரியாது. மின்சாரம் நின்ற அதே கணத்தில் வெப்பம் பிறப்பதும் நின்றுவிடுகிறது. இருக்கும் வெப்பத்தைச் சிறகுகளின் உலோகம் வாங்கிக்கொள்ளும்.

விசிறியைப் பற்றி ஒரு குறிப்பு. வேலை இல்லாதபோது விசிறிகளை முற்றாக நிறுத்தி வைக்கும் வசதி இன்றைய கார்டுகளில் இருக்கிறது. 50 பாகை அளவில்தான் அவை சுழலத் தொடங்கும். விசிறி சுழலவில்லை, பழுது என்று கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதற்கு முன் ஒரு கேமைத் திறந்து பார்க்க வேண்டும். குளிர்நாட்டு அறைகளை மனதில் வைத்துச் சத்தம் குறைவாக அமைக்கப்பட்ட விசிறி வளைவை (எந்த வெப்பநிலையில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்ற அமைப்பை), 70 பாகையில் 65 சதவீத வேகம் என்ற அளவுக்கு இங்கே உயர்த்திக்கொள்ளலாம். கூரை விசிறி ஓடும் அறையில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்காது.

எந்த உணரியும் காட்டாத சூடு ஒன்றும் இருக்கிறது. 4090 உடன் வந்த 16 முனை மின் இணைப்பி சில கார்டுகளில் உருகிய செய்திகள் 2022 இன் இறுதியில் வெளிவந்தன. இணைப்பி முழுமையாகச் செருகப்படாமை பொதுவான காரணமாகக் காணப்பட்டதாக என்விடியா அப்போது தெரிவித்தது. பின்னர் அந்த இணைப்பியின் வடிவம் திருத்தப்பட்டது. செருகும்போது இடைவெளி எதுவும் தெரியாதபடி கடைசி வரை அழுத்துவதும், இணைப்பிக்கு மிக அருகிலேயே கம்பியை மடிக்காமல் விடுவதும், பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தால் உடனே நிறுத்திப் பார்ப்பதும் இதற்குத் தேவையானவை. சிப் 60 பாகையில் இருக்கும்போதும் இது நடக்கலாம்.

கார்டைத் திறக்க வேண்டிய கட்டம்

அறை சரி, கேசிங் சரி, தூசி இல்லை, பவர் லிமிட்டும் குறைத்தாயிற்று. அப்படியிருந்தும் எண்கள் உயர்ந்தே நின்றால் தேக்கம் சிப்புக்கும் சிறகுகளுக்கும் இடையே இருக்கிறது. இதற்கு நம்பகமான அடையாளம், சிப்பின் பொது வெப்பநிலைக்கும் ஹொட்ஸ்பொட்டுக்கும் உள்ள வித்தியாசம். முழுச் சுமையில் 10 முதல் 20 பாகை வித்தியாசம் வழக்கமானது. 30 ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்து அல்லது ஓரங்களுக்குப் பிதுங்கி, சிப்பின் ஒரு பகுதி உலோகத்தைச் சரியாகத் தொடாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். புதிய கார்டிலேயே இப்படி இருந்தால் கையை வைக்காமல் வொரண்டிக்குக் கொடுக்க வேண்டும். 2023 ஜனவரியில், 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் ஒரு தொகுதியின் ஆவி அறைக்குள் போதிய நீர் இல்லாததால் ஜங்ஷன் 110 பாகையைத் தொட்டதை ஏஎம்டியே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. அந்தக் குறையை எந்தப் பேஸ்டும் தீர்த்திருக்காது.

வொரண்டி முடிந்த கார்ட் என்றால், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவைச் சுற்றியுள்ள திருத்துநர்களிடம் கொடுப்பதோ, துணிவிருந்தால் தானே செய்வதோ அவரவர் விருப்பம். யார் செய்தாலும் பேஸ்ட் அல்ல, பேடுகளே தொல்லை தருபவை. மெமரி சிப்புகளின் மேலும் மின் சீராக்கப் பாகங்களின் மேலும் ஒட்டியிருக்கும் அந்த மென்பட்டைகள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தடிப்பில் இருக்கும். ஒரு மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் பேடை ஒட்டித் திருகாணிகளை முறுக்கினால், பேடுகள் குளிரூட்டியைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் உள்ள சிப் உலோகத்தைத் தொடாமல் போய்விடும். மெமரி குளிர்ந்து, சிப் கொதிக்கும். பழைய பேடுகளை எடுக்கும்போதே ஒவ்வோர் இடத்தின் தடிப்பையும் அளந்து எழுதிக்கொள்ளாத திருத்துநரிடம் விலை உயர்ந்த கார்டைக் கொடுக்க எனக்கு மனம் வராது. பேஸ்டுக்குப் பதிலாக, சூட்டில் இளகிப் பரவும் நிலைமாற்றப் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினால் பிதுங்கும் தொல்லை குறையும். திரவ உலோகத்தைப் பரிந்துரைப்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம்; அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். நீர்க் குளிரூட்டல் அழகானது, செலவானது. நீரும் கடைசியில் இதே அறைக் காற்றிடம்தான் வெப்பத்தை ஒப்படைக்க வேண்டும்.

பாவித்த கார்ட் வாங்குபவர்களுக்கு இந்த எண்கள் இன்னும் அதிகமாக உதவும். எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை 2022 செப்டம்பரில் மாறி, கிராபிக்ஸ் கார்டால் கணக்குப் போட்டு அதை ஈட்டும் ‘தோண்டும்’ தொழில் நின்றபின், இரவு பகலாக ஓடிய 30 வரிசைக் கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஓடிய கார்டின் பின்தகட்டைக் கழற்றினால், பேடுகளிலிருந்து கசிந்த எண்ணெய் மெமரி சிப்புகளைச் சுற்றி மஞ்சள் நிற வளையமாகப் படிந்திருப்பதையும், பேடுகள் விரல் பட்டதும் உதிர்வதையும் காணலாம். விற்பவர் கழற்றிக் காட்ட மாட்டார். ஆனால் கார்டைப் பூட்டி, கால் மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டுக் காட்டும்படி கேட்கலாம். அந்த நேரத்தில் அறையின் வெப்பநிலை, சிப், ஹொட்ஸ்பொட், மெமரி, விசிறிகளின் வேகம், எடுக்கும் வாட் ஆகியவற்றைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹொட்ஸ்பொட் வித்தியாசம் 30 ஐத் தாண்டினாலோ, மெமரி 105 க்கு மேல் நின்றாலோ, பேஸ்டும் பேடும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கும்படி பேசலாம். ஏசியை 18 இல் வைத்துவிட்டு 62 பாகை காட்டி மகிழ்விக்கும் விற்பனையாளரிடம், 62 இலிருந்து 18 ஐக் கழித்துவிட்டு, உங்கள் அறையின் 32 ஐக் கூட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள்.